கையெழுத்தின் கீழ் இரண்டு புள்ளி

1-10-2018, திங்கள்

பதினொரு பேர். மூன்று முறை எண்ணிவிட்டேன், பதினொரு பேர்தான். எங்கள் செங்காட்டுக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் டிசம்பர் ஏழு, கொடி நாளன்று நினைவுத் தூண் திறக்கப்போகிறார்கள். அதில் வெட்டப்போகும் பெயர்களைப் படைவீரர் நல அலுவலகத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். 1914 சண்டைக்குப் போய்த் திரும்பாத முனுசாமி இருக்கிறார். லாரி கவிழ்ந்து செத்த டிரைவர் ஜம்புலிங்கம் இருக்கிறார். பதினைந்து வருடம் பட்டாளத்தில் உழைத்து, பனிமலையில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்த இருபத்து மூன்றாம் நாள் என் மடியில் செத்த லான்ஸ் நாயக் ஏகாம்பரம் இல்லை.

உள்ளே போய்க் கேட்டேன். எழுத்தர் கலைமணி நிமிராமலே பதில் சொன்னாள்.

"சர்வீஸ்ல இருக்கும்போது செத்தவங்க பேருதாங்க்கா. இல்லாட்டி நோயாளின்னு மெடிக்கல் போர்டு வெளிய அனுப்பி, ஒரு வருசத்துக்குள்ள செத்திருக்கணும். உங்க வூட்டுக்காரரு ரெண்டுலயும் வர்ல."

"வூட்டுக்கு வந்து இருபத்திமூணு நாள் மூச்சு வுட்டது குத்தமா?"

"நான் இன்னாக்கா பண்றது? ஒரு மனு குடுங்க."

என்னைப் பார்த்து மனு கொடு என்கிறாள். முப்பது வருடமாகக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்து ஊருக்கே மனு அடித்துக் கொடுப்பவள் நான். அரை மணியில் அடித்துக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தேன். வசந்தகோகிலம் என்று கையெழுத்து, கீழே இரண்டு புள்ளி.

"கையெழுத்துக்குப் பொட்டு வெக்கிறீங்களாக்கா?" என்று சிரித்தாள்.

தட்டச்சுப் பயிலகத்தில் பதினேழு வயதில் பழகியது. எதில் கையெழுத்துப் போட்டாலும் கை தானாக வைத்துவிடும். சிரிக்க வேறு விஷயமே கிடைக்கவில்லையா அவளுக்கு?

3-10-2018, புதன்

ரிப்பன் மாற்றினேன். பட்டா மனு நாலு, முதியோர் உதவி இரண்டு, பக்கத்து வீட்டுக்காரன் மாமரத்தை வெட்டச் சொல்லி ஒன்று. எல்லாருக்கும் எழுத எனக்கு வார்த்தை வருகிறது.

8-10-2018, திங்கள்

குறைதீர்க்கும் நாள். மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். கலெக்டரிடம் இரண்டாவது மனு. அவர் படிக்காமலே மூலையில் ஏதோ கிறுக்கி, நான் முதலில் கொடுத்த அதே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். காறித் துப்பலாம் போலிருந்தது.

18-10-2018, வியாழன்

ஆயுத பூஜை. மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு சந்தனம் குங்குமம் வைத்தேன். பொரி, கடலை, ஒரு பூசணிக்காய்.

பரணிலிருந்து கார்பன் நகல் கட்டுகளை இறக்கித் தூசி தட்டினேன். 1988 முதல் நான் அடித்த ஒவ்வொரு மனுவுக்கும் நகல் இருக்கிறது, வருடவாரியாகக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். ஆபீசில் கோப்பு காணாமல் போனால் கோகிலம்மாவிடம் நகல் கிடைக்கும் என்று ஊருக்கே தெரியும். என் தொழிலுக்கு இருக்கும் மரியாதையே அதுதான். 2001 கட்டை மட்டும் இறக்கவில்லை. அது பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது, கை எட்டவில்லை.

ஓசூரிலிருந்து யமுனா போன் செய்தாள். கம்பெனியில் லீவு இல்லையாம்.

"இன்னும் பதில் சொல்லலியாம்மா? நோயாளிய வெளிய தொரத்தி வுட்டுட்டு இப்ப வந்து ரூல் பேசறாங்களா?"

என் பெண்ணுக்கு என் கோபம் அப்படியே வந்திருக்கிறது. அவர் போகும்போது அவளுக்கு நாலு வயது. அப்பாவைப் பட்டாளம் துரத்திவிட்டது என்று சொல்லித்தான் வளர்த்தேன். சாகக் கிடக்கும் மனிதனை ரயிலேற்றிவிட்டால் அதற்குப் பெயர் வேறு என்ன? ஏன் அப்படி அனுப்பினார்கள் என்பது பட்டாளத்துக்கே வெளிச்சம்.

22-10-2018, திங்கள்

தூண் கமிட்டிக்குத் தலைவர் சுபேதார் மாசிலாமணி அண்ணன். அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே பட்டாளத்தில் இருந்தவர்கள். பஸ் நிறுத்தத்தில் கொத்தனாரோடு நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தார். பன்னிரண்டாவது பெயருக்கு இடம் விடச் சொன்னேன்.

"எனக்கு மட்டும் ஆசையில்லியா தங்கச்சி? ஆபீஸ் லிஸ்டுல இல்லாத பேர நான் எப்பிடி வெட்றது? இன்னும் பத்து நாள்ல மெடிக்கல் போர்டு உக்கார வேண்டிது. நோயாளின்னு எழுதி மரியாதையா அனுப்பியிருப்பான். அதுக்குள்ள எந்தப் புண்ணியவானோ, வூட்டுக்குப் போறேன்னு அவன எழுத வெச்சிட்டான்."

"கீழ எறங்கி ஊர் காத்து பட்டா தேறிடுவாருன்னு நீங்கதான அப்ப சொன்னீங்க?"

"சொன்னேன். லீவுல இட்டுக்கினு வான்னு சொன்னேன். பேர வெட்டிக்கினு வான்னா சொன்னேன்?"

தூணுக்கு வாங்கிய கல் மட்டமான கல் என்று சொல்லிச் சண்டை போட்டேன். நடுத்தெருவில் கத்தினேன். கல் நல்ல கல்தான்.

5-11-2018, திங்கள்

பட்டாளத்து ஆவணக் காப்பகத்துக்கு மூன்றாவது மனு அனுப்பியிருந்தேன், அங்கிருந்து நல அலுவலகத்துக்கு ஒரே ஒரு தாள் வந்திருக்கிறது. அந்த அலுவலகத்து உதவி இயக்குநர் தமயந்தி மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார். சின்ன வயது. வெடுக்கென்று பேசுவார், ஆனால் தாளைப் படிக்காமல் பேசமாட்டார்.

விடுவிப்புக்குக் காரணம்: சொந்த வேண்டுகோள், குடும்பச் சூழ்நிலை.

"அவரே கேட்டு வெளிய வந்திருக்காரும்மா. நோய்க்காக அனுப்பல. யாரு இந்த மனு எழுதிக் குடுத்தது, தெரியுமா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? எவனோ ஏமாத்தி எழுதி வாங்கியிருக்கான்."

மேடம் என் முகத்தையே பார்த்தார். பார்க்கட்டும்.

6-11-2018, செவ்வாய்

தீபாவளி. யமுனா வந்திருந்தாள். தாளில் இருந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"எவன் எழுதினான்னு கண்டுபுடிக்கணும்மா. நடுரோட்ல நிக்க வெச்சிக் கேக்கணும். உன்கிட்டதான் எல்லா நகலும் இருக்கே, இந்த ஊர்ல அடிச்ச மனுவா இருந்தா உனக்குத் தெரியாமப் போவுமா?"

அதிரசம் கருகிவிட்டது. எண்ணெய் சரியில்லை.

12-11-2018, திங்கள்

இன்று ஸ்டூல் போட்டு ஏறினேன். கை எட்டியது. எப்போதுமே எட்டும்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூடப் பொய் எழுதிக்கொண்டிருந்தால் எனக்கும் அந்த ஆபீசுக்கும் என்ன வித்தியாசம்?

2001 ஜனவரியில் ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம் அவர் கையெழுத்தில் இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் யாரோ எழுதியிருந்தார். பேனா பிடித்தால் மூச்சு வாங்குகிறதாம். வடக்கே முகம் தெரியாத ஊரில் செத்து, பெட்டியில் ஆணி அடித்து அனுப்புவார்கள் என்று பயந்தேன். யமுனா அவரைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கேட்டால் அவர் சம்மதிக்கமாட்டார். மெடிக்கல் போர்டு வரும், பொறு என்பார். அது எப்போது வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நானே அடித்தேன், அவர் பெயரில். படுத்த படுக்கையான தாய், கவனிக்க ஆளில்லாத நிலம், கைக்குழந்தை. மாமியார் அப்போது களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. நான் அடித்ததிலேயே நல்ல மனு அதுதான், ஒரு வார்த்தை கூட மிகையில்லை, ஒரு வார்த்தை கூட உண்மையில்லை. கடைசியில் ஏகாம்பரம் என்று அவர் கையெழுத்தை நானே போட்டேன். பதிவுத் தபாலில் அவருடைய அதிகாரிக்கு அனுப்பினேன்.

நாற்பது நாளில் வந்துவிட்டார். காட்பாடி ஸ்டேஷனில் இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். இருபத்து மூன்று நாள் இருந்தார். எப்படி விட்டார்கள் என்று ஒரு நாளும் பேச்செடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை. கொஞ்சம் தேறட்டும், சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன்.

பத்து நாள். நான் பத்து நாள் சும்மா இருந்திருந்தால் அவர் பெயர் அந்தக் கல்லில் இருக்கும். பதினேழு வருடமாக ஆபீஸ் ஆபீசாக ஏறிக் கத்தியதெல்லாம் எவளைப் பார்த்துக் கத்தியது என்று எனக்குத் தெரியாதா?

நகலை எடுத்துப் பார்த்தேன். கார்பனில் கையெழுத்து நன்றாகவே பதிந்திருக்கிறது. ஏகாம்பரம். கீழே இரண்டு புள்ளி.

புள்ளி வைத்திருக்கிறேன்! அவர் வாழ்நாளில் புள்ளி வைத்ததில்லை. கல்யாணப் பதிவிலிருந்து அவர் கையால் எழுதிய கடைசிக் கடிதம் வரை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றில்கூட இல்லை. என் பாழாய்ப்போன கை பழக்கத்தில் வைத்துவிட்டது. அப்படியென்றால் மனு அவருடையதில்லை என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. அவர் கேட்கவே இல்லை. கேட்காத மனிதரை நோயாளியாகத்தானே கணக்கில் வைக்க வேண்டும்?

13-11-2018, செவ்வாய்

யமுனாவுக்குப் போன் செய்து சொன்னேன். முழுதும் கேட்டாள்.

"இத்தினி வருசமா என்னையும் சேத்துப் பட்டாளத்தத் திட்ட வெச்சியேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

15-11-2018, வியாழன்

என் நாலாவது மனு. காலையிலிருந்து அடிக்கிறேன். மூன்று தாள் கிழித்துப் போட்டேன். என்னைப் பற்றி எழுதினால் வார்த்தை மிகையாகிறது. கடைசியில் பத்து வரியில் முடித்தேன். மனுவை நான் எழுதினேன், கையெழுத்தை நான் போட்டேன், என் கணவருக்குத் தெரியாது. அவருடைய பழைய கையெழுத்துகள் ஆறு இணைப்பு. என் கார்பன் நகல் இணைப்பு.

19-11-2018, திங்கள்

தமயந்தி மேடம் படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"இத நான் வாங்கினா போலீசுக்கு அனுப்பியாகணும். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா. மனு எழுதறவளுக்குத் தெரியாதா?"

"ஊர்ல ஒருத்தன்கூட இனிமே உங்ககிட்ட மனு எழுத வரமாட்டான்."

"வராம போவட்டும். எம் பேரு எங்கியும் வெட்ட வேணாம். அவரு பேர வெட்டுங்க."

கத்திவிட்டேன். வெளியே கலைமணி டைப் அடிப்பதை நிறுத்தியது கேட்டது. மேடம் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். முழுக் கோப்பையும் வரவழைத்து மூல மனுவைப் பார்த்த பிறகுதான் முடிவு எடுப்பேன் என்றார். அதுவரை என் தாள் அவர் மேசை டிராயரில் இருக்குமாம்.

23-11-2018, வெள்ளி

கார்த்திகை தீபம். அகல் ஏற்றினேன். யமுனா போன் செய்யவில்லை.

26-11-2018, திங்கள்

மாசிலாமணி அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். எந்தப் புண்ணியவான் என்று கேட்டாரே, நான்தான் என்றேன். கையிலிருந்த நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், "கல்லு கடைசி வரில கொஞ்சம் எடம் கீது. கடுதாசி வந்துச்சின்னா ஒரு நாள்ல வெட்டிடலாம்" என்றார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

30-11-2018, வெள்ளி

கோப்பு வந்துவிட்டது. மெயிலில் வந்ததை மேடம் அச்செடுத்து வைத்திருந்தார். பதினாறு பக்கம்.

பதிமூன்றாம் பக்கம் என் மனு. ஏகாம்பரம், இரண்டு புள்ளி. "பாருங்க மேடம், புள்ளி" என்று விரலை வைத்துக் காட்டினேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மேடம் பக்கத்தைத் திருப்பினார்.

பதினான்காம் பக்கம். நான் அதுவரை பார்த்திராத தாள். மனு வந்ததும் அதிகாரி சந்தேகப்பட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மனிதரிடம் மனுவைக் காட்டி, இது உன் கையெழுத்துதானா என்று வாக்குமூலம் வாங்கியிருக்கிறார். மேடம் தமிழில் சொன்னார். இந்த மனுவில் இருப்பது என் கையெழுத்துதான். என் சொந்த விருப்பத்தில்தான் எழுதப்பட்டது. போர்டு வரும்வரை இருந்தால் கிடைக்கக்கூடிய உரிமைகளை எனக்கு விளக்கிச் சொன்னார்கள், தெரிந்தே விடுகிறேன்.

கீழே அவர் கையெழுத்து. நடுங்கி நடுங்கிப் போட்ட கையெழுத்து, அவருடைய கையேதான். அதன் கீழே இரண்டு புள்ளி.

பார்த்துப் போட்டிருக்கிறார். மனுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் எங்கே புள்ளி வைத்தேனோ அங்கேயே வைத்திருக்கிறார். ஒன்று கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. பேனா பிடிக்க மூச்சில்லாத மனிதர்.

தாளின் அடியில் தமிழில் ஒரு வரி. அங்கே யாருக்கும் படிக்கத் தெரிந்திருக்காது, அதனால் அப்படியே கிடந்திருக்கிறது. 'இந்த விசாரணை பற்றி வீட்டுக்குக் கடிதம் போட வேண்டாம்.'

"போலீசுக்கும் அனுப்ப முடியாதும்மா" என்றார் மேடம். "அவரே தன் கையெழுத்துன்னு சொல்லிட்டார். அதே காரணத்தால பேரையும் சேர்க்க முடியாது."

டிராயரிலிருந்து என் மனுவை எடுத்து, பதினான்காம் பக்கத்தின் நகலோடு திருப்பிக் கொடுத்தார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்ததைப் பாதி வழியில்தான் கவனித்தேன்.

1-12-2018, சனி

யோவ், உனக்கு அறிவிருக்கிறதா? இல்லை, இது என் கையெழுத்தில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? என்னைப் பிடித்து உள்ளே போட்டிருப்பார்களா? போடட்டுமே. நீ போர்டு வரைக்கும் படுத்திருந்து, கௌரவமாக வந்து செத்திருக்கலாம். இருபத்து மூன்று நாள் என் எதிரிலேயே படுத்துக்கொண்டு, நான் ஊட்டிய கஞ்சியைக் குடித்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாய். நான் எப்போது சொல்கிறேன் பார்க்கலாம் என்று இருந்தாயா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. உன்மேல் வருகிற கோபத்துக்கு இந்த மெஷினைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும்.

4-12-2018, செவ்வாய்

வந்தவர்களுக்கு மனு அடித்துக் கொடுத்தேன். ஒரு ரசீதில் என் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. புள்ளி வைக்க வரவில்லை. பேனாவை மூடிவிட்டேன்.

7-12-2018, வெள்ளி

கொடி நாள். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். காலை எட்டு மணிக்கு யமுனா பையோடு வாசலில் நின்றாள். அந்தப் பதினான்காம் பக்கத்தின் நகலைக் கையில் கொடுத்தேன். சமையல்கட்டில் நின்றபடியே படித்தாள்.

"ரெண்டாவது புள்ளி கோணலா கீதும்மா" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். "மொதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாம். அது மட்டும் எனக்கு ஆறாது."

"ஆற வேணாம்" என்றேன்.

இருவரும் போனோம். தூணைத் திறந்தார்கள். பதினொரு பெயர். ஒவ்வொன்றாக மாசிலாமணி அண்ணன் வாசித்து சல்யூட் அடித்தார். கடைசி வரிக்குக் கீழே நாலு விரல் அகலம் கல் வெறுமையாக இருந்தது. லட்டு கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. யமுனா இரண்டு வாங்கி, ஒன்றை அந்தக் கல்லின் அடியில் வைத்தாள். நாய் வந்து தின்றது. தூண் கமிட்டிக்காரர் ஒருவர் நாயை விரட்டக் கல்லெடுத்தார். அவரை நான் விரட்டினேன்.

10-12-2018, திங்கள்

என் ஐந்தாவது மனு. யமுனா பக்கத்தில் உட்கார்ந்து தாள் எடுத்துக் கொடுத்தாள். இன்று மாலை பஸ்சில்தான் ஓசூர் போகிறாள்.

கோரிக்கை ஒன்றுதான். கோப்பின் பதினான்காம் பக்கத்தின் அடியில் என் கணவர் தமிழில் எழுதிய வரி பட்டாளத்தில் இதுவரை எவராலும் படிக்கப்படவில்லை. அதை மொழிபெயர்த்து, கோப்பில் சேர்த்து, பட்டாளத்து ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். அதைப் படித்த பிறகு அவர் பெயரைக் கல்லில் வெட்டலாமா கூடாதா என்று அவர்கள் எனக்கு எழுத்தில் பதில் தர வேண்டும்.

தமயந்தி மேடம் எழுந்து நின்று வாங்கினார்.

"இதனால விதி எதுவும் மாறாதும்மா."

"மாறாட்டி போவட்டும். அந்த வரிய அங்க எவனாவது ஒருத்தன் படிக்கணும். படிக்கிற வரிக்கும் திங்கக்கெழம திங்கக்கெழம வருவேன்."

"கையெழுத்துப் போடலியே?" என்றார்.

அவர் மேசையிலேயே குனிந்து வசந்தகோகிலம் என்று போட்டேன். யமுனா பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஒரு புள்ளி வைத்தேன். இரண்டாவதைக் கொஞ்சம் தள்ளி, கோணலாக வைத்தேன்.